நாற்பது பல் இருந்த மண்டையோடு

காட்டு வேலைக்கும் மீன்பண்ணை வேலைக்கும் ஆட்களைத் தயார்செய்கிற அந்தக் கல்லூரியில் அவளுக்கு ‘செதில் மேடம்’ என்று பெயர். மாணவர்கள் வைத்ததுதான். அவள் காதிலும் விழுந்திருந்தது, கோபம் வந்ததில்லை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி உள்ளங்கையில் ஒரு செதிலை வைத்தால், விரலால் ஒரு தடவு தடவிவிட்டு மீனின் பெயரைச் சொல்லிவிடுவாள். பறவைகளிலும் கெட்டிக்காரிதான். பாலூட்டிகள் மட்டும் அவளாகக் கேட்டு வாங்கிய பாடமல்ல. அதை நடத்திக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போனதும், “ஒரே ஒரு வருஷம் பாத்துக்குங்கம்மா” என்று முதல்வர் அதை அவள் தலையில் கட்டினார். அந்த ஒரு வருஷம் இழுத்துக்கொண்டே போய் ஒன்பது வருஷமாகிவிட்டது.

செய்முறை வகுப்பு மாடியில், சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்த அறையில் நடக்கும். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள். உள்ளே போத்தல்களில் மீன்கள், பஞ்சு அடைத்த பறவைகள், அட்டைப் பெட்டிகளில் மண்டையோடுகள். கதவைத் திறந்ததும் நாப்தலின் வாடை மூக்கில் ஏறும். அன்றைக்கு ‘நீர்நாய்’ என்று எழுதிய பெட்டியைத் திறந்து, மண்டையோட்டை மேசைமேல் வைத்தாள்.

“முப்பத்தாறு பல்லு. எழுதிக்குங்க.”

இருபத்திரண்டு பேனாக்கள் எழுதின. ஒரு பேனா எழுதவில்லை. கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து வந்து, குனிந்து, பென்சில் நுனியால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். எதையும் எண்ணாமல் விடமாட்டாள் என்பதால் வகுப்பே அவளைக் ‘கணக்கு’ என்றுதான் கூப்பிடும்.

“மேடம், இதுல நாப்பது இருக்கு.”

“தப்பா எண்ணியிருப்பே. பழைய மண்டையோடும்மா, ஒண்ணு ரெண்டு விழுந்துகூட இருக்கும்.”

“விழுந்திருந்தா கொறையணுமே மேடம். இது கூடியிருக்கு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செதில் மேடமும் சிரித்தபடியே மண்டையோட்டைக் கையில் எடுத்து எண்ணினாள். மேல்தாடையில் பக்கத்துக்குப் பத்து. மறுபடியும் எண்ணினாள். பத்துதான். சிரிப்பு அவள் முகத்தைவிட்டு மெல்ல இறங்கிப்போனது. “நாளைக்குச் சொல்றேன். இப்ப பறவை அலகுப் பாடத்தை எடுங்க” என்றாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு, கீழ்த்தட்டில் ‘மரநாய்’ என்று எழுதிய பெட்டியை இழுத்தாள். அதில் இருந்ததற்குக் கீழ்த்தாடை உடைந்துபோயிருந்ததால் அதை அவள் வகுப்புக்கு எடுத்ததே இல்லை. அகன்று தட்டையான மண்டை, குட்டையான முகம். மேல்தாடையில் பக்கத்துக்கு ஒன்பது பல். நீர்நாய் இங்கேதான் படுத்துக்கிடந்தது.

ஒட்டுச்சீட்டுகளில் இருந்தது அவளுடைய கையெழுத்து. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தபோது பழைய சீட்டுகள் உரிந்துவிட்டன. புதிதாக எழுதி ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான், பள்ளிக்கூடத்தில் மகள் விழுந்து கை உடைந்துவிட்டதாகப் போன் வந்தது. கையில் மிச்சமிருந்த இரண்டு சீட்டுகளைப் பெட்டிகளின்மேல் அப்பிவிட்டு ஓடியிருந்தாள். நீர்நாய், மரநாய். பழி போட வேறு ஆள் இல்லை.

முதல்வர் விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “மண்டையோடுதானேம்மா. சீட்டை மாத்தி ஒட்டுங்க, இந்த வருஷத்துலேர்ந்து சரியாச் சொல்லுங்க, முடிஞ்சுது.”

“இதுக்கு முன்னாடி படிச்சுட்டுப் போனவங்க சார்?”

“அவங்கல்லாம் மறந்திருப்பாங்க.”

அந்தப் பதில்தான் அவளை உறுத்தியது. மறந்துபோவதற்காகவா தொண்டை கட்டக் கட்டப் பாடம் நடத்தினாள்?

வீட்டில் சொன்னாள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசமாட்டார். ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார்தான் முந்திக்கொண்டாள். “என்ன அண்ணி, கண்ணாடிக் கடைக்காரர் பொண்டாட்டிக்கே கண்ணு தெரியலையா?” கணவர் தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எல்லார் நம்பரும் இருக்கா உன்கிட்ட?” என்று மட்டும் கேட்டார்.

சேர்க்கைப் பதிவேடுகளைத் தேடி எடுத்தாள். பாடம் எடுத்த முதல் வருஷத்திலிருந்து நூற்றுத் தொண்ணூற்றேழு பேர். மதிய இடைவேளையில் நாளுக்கு ஏழெட்டுப் பேராகக் கூப்பிட ஆரம்பித்தாள். “நான் செதில் மேடம் பேசறேன்” என்று அவளே தொடங்கியதும் மறுமுனையில் ஒரு திடுக்கிடல், பிறகு வெட்கச் சிரிப்பு. விஷயத்தைச் சொல்வாள். தப்பு என்னுடையது என்பாள். வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வைத்துவிடுவாள்.

ஒருவன் டைல்ஸ் கடை வைத்திருந்தான். “எனக்கு இப்ப ரெண்டும் ஒண்ணுதான் மேடம். வீடு கட்டினா சொல்லுங்க, நல்ல தரையாப் போட்டுத் தரேன்” என்றான். பள்ளி ஆசிரியையாகிவிட்ட ஒருத்தி, வகுப்புச் சுவரில் பல் எண்ணிக்கையோடு நீர்நாய்த் தலையை வரைந்துவைத்திருந்தாள், மரநாயின் நீண்ட முகத்தோடு. “வெள்ளை அடிச்சு மறுபடி வரையறேன் மேடம். பிள்ளைங்ககிட்ட என்னன்னு சொல்றது?” “நடந்ததைச் சொல்லு. என் பேரைச் சொன்னாலும் பரவாயில்லை.”

நூற்றுப் பதினோராவது அழைப்பு, அடிபட்ட விலங்குகளை மீட்கும் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருத்திக்கு. பேச்சைப் பாதியிலேயே நிறுத்தி, “தெரியும் மேடம்” என்றாள். “வேலைக்குச் சேர்ந்த மூணாவது மாசமே தெரியும். செத்துப்போன ஒரு நீர்நாயை அறுத்துப் பாத்தோம்.”

“ஏம்மா எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை?”

மறுமுனையில் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. “நீங்க சொன்னது தப்பா இருக்காதுன்னு நெனச்சேன். ஒரு வாரம் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

போனை வைத்தபிறகு அன்று அவள் வேறு யாரையும் கூப்பிடவில்லை. சோற்று டப்பா திறக்காமலே இருந்தது. தப்பாகச் சொல்லிக்கொடுத்ததுகூட அவ்வளவு வலிக்கவில்லை. ஒரு பெண் தன் கண் முன்னால் கிடந்ததை நம்பாமல் ஒரு வாரம் தவித்திருக்கிறாள், அதுவும் இவள்மேல் வைத்த மரியாதையால்.

மறுநாளிலிருந்து மிச்ச எண்களைச் சுழற்றினாள். இருபத்தாறு பேர் கிடைக்கவேயில்லை; பழைய முகவரிகளுக்குக் கடிதம் போட்டாள். நான்கு கடிதங்கள் திரும்பி வந்தன.

அடுத்த பருவத்தில் மண்டையோட்டுப் பெட்டிகளின் மேல் ஒரு சீட்டும் இல்லை. எண் மட்டும். பெயர்ப் பட்டியல் அவளுடைய மேசை இழுப்பறைக்குள் இருந்தது. முதல் இரண்டு வாரம் வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. மூஞ்சூறை எலி என்று ஒரு கூட்டம் அடித்துப் பேசியது. எலிக்கு உளிமாதிரி முன்பல் இருக்குமே, இதற்கெங்கே என்று இன்னொரு கூட்டம் மல்லுக்கு நின்றது. அவள் நாற்காலியை ஓரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பாடம் பின்தங்குகிறது என்று முதல்வர் இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். உண்மையாகவே பின்தங்கத்தான் செய்தது. மீன் பகுதியை முடிக்க விடுமுறை நாட்களிலும் வரவேண்டியிருந்தது. அதில் சிலருக்கு அவள்மேல் வருத்தம்தான்.

செய்முறைத் தேர்வுக்கு வெளிக்கல்லூரியிலிருந்து ஒருவர் வந்தார். விடைத்தாள்களில் ஒன்றை எடுத்து நீட்டினார். எட்டாம் எண் மண்டையோட்டுக்கு எதிரே ஒரு மாணவன் எழுதியிருந்தான்: ‘மேல்தாடையில் பக்கத்துக்கு ஒன்பது பல். முகம் குட்டை. தண்ணீரில் வாழ்வதாக இருக்கலாம். பெயர் நினைவில்லை.’

“பேரு தெரியாதவனுக்கு எப்படிங்க மார்க் போடறது?” என்றார் வந்தவர்.

“பாத்ததை எல்லாம் சரியாப் பாத்திருக்கான் சார். பேரை நான் சொல்லிக்குடுத்துடலாம்.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முழு மதிப்பெண்ணுக்கு விதி இடம்கொடுக்காது என்று பாதி போட்டார். அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.