பாய்க்காக நின்ற பாசஞ்சர்

புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்ததும் அத்தாவுக்குச் சேலத்தில் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்க வேண்டும் என்றார்கள். வார நாட்களில் தினமும் போய் வர வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் போகலாம் என்று நானும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தபோது, அத்தா குறுக்கிட்டார்.

"சின்னசேலம் போயி ரயில்ல போவலாம்."

ஏன் என்று சொல்லவில்லை. பாத்திரக் கடையில் நாளெல்லாம் பேசுகிறவர், தன் உடம்பைப் பற்றி வீட்டில் வாய் திறக்கமாட்டார். தம்பி கடையைப் பார்த்துக்கொண்டான். நான் கூடப் போனேன்.

முதல் நாளே காரணம் புரிந்துவிட்டது. வண்டி கிளம்பியதிலிருந்து அடிக்கடி எழுந்து, பெட்டிக் கோடியில் இருந்த கழிப்பறைக்குப் போய்வந்தார். பஸ்ஸில் அதற்கு ஏது வழி? மகளிடம் சொல்ல அவருக்குக் கூச்சம், கேட்க எனக்கும் கூச்சம். அவர் எழுந்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வடக்கனந்தலில் மரவள்ளி போட்டிருந்த ஒரு தம்பதியும் அதே வண்டியில் வருவார்கள். அந்த அம்மாவுக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் அதே சிகிச்சை.

"மார்ல கட்டிம்மா. எடுத்துட்டாங்க. இப்ப கரண்டு வெக்கிறாங்க" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அத்தா சங்கடத்தோடு வெளியே பார்த்தார்.

ஒரு முகூர்த்த நாளில் கூட்டம் தாங்கவில்லை. கழிப்பறை வாசல்வரை பெட்டியும் பையுமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆத்தூர் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில், எதிரே வரும் வண்டிக்காக எங்கள் வண்டியை நிறுத்தினார்கள். அத்தா சீட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. எனக்குப் புரிந்தது, கேட்க வாய் வரவில்லை.

எதிரே இருந்த விவசாயி, அந்த அம்மாவின் கணவர், குனிந்து கேட்டார். "இன்னா பாய், எறங்கணுமா?"

அத்தா தலையாட்டினார். விவசாயி எழுந்து, "கொஞ்சம் வழி வுடுங்க, இவருக்கு முடியல" என்று ஆட்களை விலக்கி, அத்தாவின் கையைப் பிடித்து இறக்கினார். இருவரும் ஸ்டேஷன் கட்டடத்துக்குப் பின்னால் போனார்கள்.

எதிர் வண்டி கடந்துபோனது. சிக்னலும் விழுந்துவிட்டது. ஹாரன் அடித்தும் அவர்களைக் காணோம். எங்களுடையது கடைசிப் பெட்டி. அந்த அம்மா ஜன்னல் வழியே கார்டைக் கூப்பிட்டார்.

"சார், கொஞ்சம் நில்லுங்க. ஒடம்பு முடியாதவரு ஒருத்தர் எறங்கியிருக்காரு."

கார்டு கையிலிருந்த பச்சைக் கொடியைக் காட்டாமல், வாக்கி டாக்கியில் ஏதோ சொன்னார். வண்டி நகராமல் நின்றது. பெட்டியில் யாரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் எட்டிப் பார்த்து, "வந்துக்கினு இருக்காங்க" என்றார்.

அத்தாவுக்கு முன்னால், உரசுகிற மாதிரி நெருங்கி அந்த விவசாயி நடந்து வந்தார். ஏறி உட்கார்ந்தபோதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. அத்தாவின் வேட்டி முன்பக்கம் நனைந்திருந்தது.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அத்தாவின் மடியில் போட்டார். "தண்ணி கொட்டிக்கிச்சா பாய்? காஞ்சிடும்."

வண்டி நகர்ந்தது. அத்தா துண்டைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி இல்லம்மா. ஆபரேஷனுக்கு அப்புறம் அடக்க முடியல. அதான் பஸ்ஸு வேணாம்னேன்."

"தெரியும் அத்தா."

"தெரிஞ்சுமா இத்தினி நாளும் சும்மா இருந்த?"

"நீங்க சொல்லாம நான் எப்டி அத்தா கேக்கறது?"

அவர் லேசாகச் சிரித்தார். பிறகு அந்த அம்மாவிடம், "உங்களுக்குக் கரண்டு வெச்ச எடம் எரியுதுங்களா?" என்று கேட்டார். "ஜாஸ்தி எரியுது பாய்" என்று ஆரம்பித்தார் அவர். சேலம் வரும்வரை இருவரும் தூக்கம் வராதது, சோறு பிடிக்காதது, பயம் எல்லாவற்றையும் பேசினார்கள். பயம் என்ற வார்த்தையை அத்தா வாயால் நான் கேட்டது அன்றுதான்.

அந்த அம்மாவுக்கு முதலில் சிகிச்சை முடிந்தது, அப்புறம் அத்தாவுக்கு. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். இப்போது எப்போதாவது பரிசோதனைக்குப் போனால் போதும். அத்தா அந்தத் தம்பதிக்குப் போன் செய்து கேட்டு, ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஒரே நாளாகத் தேதி வாங்கிவிடுகிறார். போன முறை சின்னசேலத்தில் எனக்கு முன்னால் ஏறி, கழிப்பறைக்குப் பக்கத்திலேயே நாலு பேருக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார்.