காலருக்குள் ஒரு விலாசம்

தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரம் நடந்து ஓரிரு வருடங்கள் இருக்கும். சிறுதொழில்களுக்கு அரசாங்க உதவிப்பணம் கொடுக்கும் கண்டிக் கந்தோர் ஒன்றில் நான் எழுதுவினைஞன். ஹுன்னஸ்கிரியப் பக்கமிருந்து ஒரு தையற்காரர் விண்ணப்பத்தோடு வந்தார். கழுத்தில் அளவு நாடா. யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டார், தோளைத்தான் பார்ப்பார்.

“ஐயாவுக்கு இடது தோள் கொஞ்சம் எறங்கியிருக்குங்க” என்றார். அதுதான் அவருடைய வணக்கம்.

‘புதிய கண்டுபிடிப்பு’ என்ற இடத்தில் ‘மறதிக்காரர் சட்டை’ என்று எழுதியிருந்தார். அவருடைய தகப்பனார் ஞாபகம் தப்பி, அடிக்கடி வீட்டைவிட்டு நடந்துவிடுவாராம். கொண்டுவந்த மாதிரிச் சட்டையில், காலருக்குள் சிங்களத்தில் விலாசம் தைத்திருந்தது.

“பெயரைக் காணேல்லையே?” என்றேன்.

“விலாசம் இருந்தா வீட்டுல கொண்டாந்து விடுவாங்க. பேரும் இருந்தா விடுவாங்களான்னு தெரியலைங்க.”

யாழ்ப்பாணத்தானாகிய நான் விண்ணப்பத்தில் முத்திரை குத்தினேன்.

மறதி எந்தக் கைத்தொழில் வகையிலும் அடங்காது என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்க அவர் வந்த நாளில் எனக்கொரு சட்டை தைத்துக்கொண்டு வந்திருந்தார். இடது தோள் கச்சிதமாக உட்கார்ந்தது.

“கந்தோர் விலாசம் போட்டிருக்கேன். ஐயாவுக்கும் வயசாகுமில்லீங்களா?”

ஆகிவிட்டது. அவர் பெயர் இப்போது நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. சட்டை இருக்கிறது. காலரைப் புரட்டினால் கந்தோர் விலாசமும் பத்திரமாக இருக்கிறது. என் பெயரைத்தான் அவர் தைக்கவில்லை.