உப்புக்குளத்துக் கடமான்

எழுபதுகளின் நடுவில் எனக்கு ஒரு மாப்பிள்ளை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பும் அரிசி மில்லும் உள்ள குடும்பம். பெண் பார்த்துவிட்டுப் போய், பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் எங்கள் வீட்டில் அன்றைக்கே பாயசம் வைத்தாயிற்று. அப்பா மட்டும், "நிச்சயத்துக்கு முன்னால உன்ர வாயால ஒரு வார்த்தை சொல்லீரு அம்மிணி" என்றார். சொல்கிறேன் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அதற்குள் மாப்பிள்ளையின் மாமா இரண்டு வீட்டாரையும் காட்டுக்கு அழைத்தார். அவர் மரக் காண்டிராக்டர். மலைக்கு மேலே ஒரு நீர்த்தேக்கம், அதன் கரையில் விலங்குகளுக்காக உப்புக் கொட்டி வைப்பார்கள், உப்புக்குளம் என்றே அதற்குப் பெயர். வழிகாட்ட வனத்துறை வாட்சர் ஒருவர் வருவார், சாயங்காலமே திரும்பிவிடலாம் என்றார்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் எங்களை ஏற்றிக்கொண்ட வேனில் நுழைந்ததுமே ஒரே வாடை. டீசல் நாற்றம், சுண்டிப்போன மல்லிகைப்பூ, குருமா வாளி. மலை வளைவுகளில் மாப்பிள்ளையின் அக்கா ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தாள். மாமா வெற்றிலையைத் துப்ப, காற்று அதை அப்படியே பின் சீட்டுக்குக் கொண்டுவந்து தந்தது. என் புதுப் புடவையில் சிவப்பாக இரண்டு பொட்டு. "பரவால்லீங்க, சொந்தந்தானுங்களே" என்று அம்மா இளித்தாள். அம்மா இளித்ததுதான் எனக்கு அதிக எரிச்சல்.

உப்புக்குளம் என்பது முக்கால்வாசி சேறு. விலங்குகள் நக்கி நக்கிக் கரை குழிந்து, எச்சிலும் சாணியும் உப்பும் குழைந்து கிடந்தது. "ஒச்சை வைக்கக் கூடாது, கேட்டோ. ஒச்சை கேட்டா ஒண்ணும் வராது" என்றார் வாட்சர், பாலக்காட்டு மலையாளம் கலந்த தமிழில். தலையாட்டிவிட்டு மாமா டிரான்சிஸ்டரைச் சத்தமாக முடுக்கினார். ஆண்கள் வரிசையாக நின்று அந்தக் கரையிலேயே ஒன்றுக்குப் போனார்கள். வாட்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பைக்குள் மாமா கொடுத்த பாட்டில் இருந்தது.

யானை வரவில்லை, காட்டுமாடு வரவில்லை. சாப்பிட்ட இலைகளை அங்கேயே வீசி எறிந்த பிறகு ஒரு கடமான் மட்டும் வந்தது. பெட்டை. ஒரு காது கிழிந்திருந்தது. மனிதர்களுக்குப் பழகியது போலிருக்கிறது, வாட்சர் உள்ளங்கையில் உப்பை நீட்டியதும் வந்து நக்கியது. அந்தச் சொரசொரத்த நாக்கைப் பார்த்து எனக்கே கை நீட்ட ஆசையாக இருந்தது. அன்று முழுவதும் நான் பார்த்த நல்லது அது ஒன்றுதான்.

நான் அப்போது எல்லாருக்கும் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை என்னிடம் வந்து மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தைக் கேட்டார். முதன்முதலாக என்னிடம் பேசிய பேச்சு. மாங்காய்க்குத்தான் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் உள்ளங்கை நிறையப் பொடியைக் கொட்டி, மேலாக உப்பைத் தூவி, கடமானிடம் நீட்டினார்.

அது ஒரே இழுப்பில் நக்கியது. பிறகு தலையை உதறியது, தும்மியது, வாயைச் சேற்றில் தேய்த்தது. நாக்கு தொங்கிக்கொண்டு எச்சில் கயிறாக இறங்கியது. அத்தனை பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள். வாட்சர் சிரித்தார். சம்பந்தி வீட்டார் சிரிக்கிறார்களே என்று என் அப்பாவும் சிரித்தார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதோடு விட்டதா? தண்ணீரில் வாயை வைத்துவிட்டு அந்தக் கடமான் திரும்பவும் வந்தது. மாப்பிள்ளை மறுபடி நீட்டிய அதே கையை முகர்ந்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த உப்பை நக்கியது. "எத்தனை செஞ்சாலும் இது வருமாக்கும், ஸாரே. பழகிப்போச்சு" என்றார் வாட்சர். மிளகாயைக்கூடப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன், அது திரும்பி வந்ததைத்தான் பார்க்க முடியவில்லை. வேனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா பின்னாலேயே வந்தாள். "ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கற? ஆம்பளைக வெளையாட்டுக்கு அப்படித்தான் பண்ணுவாங்க. போகப் போகப் பழகீரும் கண்ணு."

நான் புடவையிலிருந்த வெற்றிலைப் பொட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது கோபாலபுரத்தில் டீக்கு நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வறுத்த கடலை வாங்கினார். எல்லாரும் பார்க்க என் ஜன்னலோரம் வந்து, உள்ளங்கையில் கொட்டி என்னிடம் நீட்டினார். கை கழுவியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் வாங்கினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், அது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வாங்கிக்கோ அம்மிணி" என்று அம்மா என் தொடையில் இடித்தாள்.

நான் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஏனம்மிணி, பசிக்கலயா?" என்றார் அப்பா.

"பசிக்குதுங்கப்பா. அந்தக் கையில வாங்கித் திங்க மாட்டேனுங்க. இன்னைக்கும் மாட்டேன், என்னைக்கும் மாட்டேனுங்க."

அப்பா கேட்டிருந்த வார்த்தை அதுதான். நீட்டிய கையை அப்படியே கவிழ்த்து மாப்பிள்ளை கடலையைக் கீழே கொட்டினார். பெருமாட்டி வந்து சேரும்வரை அந்த வேனில் ஒருவரும் சிரிக்கவில்லை.