வராந்தா பெஞ்சு அக்கா

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவளை எல்லோரும் பெஞ்சு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பழங்குடிப் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள, அவர்கள் ஆட்களிலேயே ஒருத்தி என்று அவளை வேலைக்கு எடுத்தார்கள். உட்கார இடம்தான் இல்லை. அலுவலக கிளார்க்கான நான், வராந்தாவில் ஒரு கால் ஆடும் பெஞ்சைக் காட்டி, "இதாம்மா உன் ஆபீஸு" என்றேன்.

"இதுவே போதும் சார்" என்று சிரித்தாள்.

அவளும் ஒன்பதாவதோடு நின்றவள்தான். பிறகு தையல் மிஷினை மிதித்துக்கொண்டே படித்துத் தேறியவள். அவர்கள் ஆட்கள் மனம்விட்டுப் பேசுவது பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டுதான். எதிரே உட்கார வைத்துக் கேட்டால், ஏதோ திருடிவிட்ட மாதிரி கூசிப்போவார்கள். பெஞ்சில் பிள்ளைகள் ஈ மாதிரி மொய்த்தார்கள். ஆப்சென்ட் பாதியாகக் குறைந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். கை அரித்தது. பழைய ரிஜிஸ்டர் அறையை ஒழித்து, மேசை போட்டு, எதிரெதிரே இரண்டு நாற்காலி வைத்து, கதவில் போர்டும் மாட்டினேன்; பெஞ்சை மாடிப்படி அடியில் தள்ளிவிட்டேன். ஆசையாகச் செய்ததை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு பிள்ளைகூட எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அவள் அப்பா கூட்டிவந்தார்.

"டி.சி. குடுத்துடுங்க சார். பள்ளிக்கூடம் போகமாட்டேங்குறா. ஏன்னு கேட்டா வாயே தொறக்கல."

நான் படிவத்தை எடுத்துவிட்டேன். பெஞ்சு அக்கா ஓடிவந்தாள்.

"சார், பேனாவ மூடுங்க. பெஞ்ச ஒரு கை பிடிங்க."

மாடிப்படி அடியில் கிடந்த பெஞ்சை இருவரும் தூக்கிவந்தோம். ஓர் ஓரத்தில் அப்பா, மறு ஓரத்தில் பெண், நடுவில் அவள். எதிரே மைதானம். கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஏதாவது கேளேன் என்று சைகை காட்டினேன். அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

கடைசியில் அந்தப் பெண் மைதானத்தைப் பார்த்தே சொன்னது: "யாராச்சும் பெரியவங்க பார்க்க வந்தா, கணக்கு கிளாஸ்லேர்ந்து என்னைக் கூப்பிட்டு எங்க பாட்டைப் பாடச் சொல்றாங்க அக்கா. பாட்டு எனக்குத் தெரியும். கணக்குதான் தெரியல. ஃபெயிலாயிடுவேன்."

கூப்பிட்டுச் சீட்டு அனுப்பியது யார்? நான்தான். அவர்கள் பாட்டுக்கு மேடை கொடுக்கிறோம் என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன். வெட்கமாகப் போய்விட்டது.

"இனிமே சீட்டு வராதும்மா" என்றேன்.

"கணக்கு நாளையிலேர்ந்து இந்த பெஞ்சுலயே. நானும் அதுல ஃபெயிலானவதான், சேர்ந்து போடுவோம்" என்றாள் அவள். அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தது. அப்பா படிவத்தை வாங்காமலே எழுந்து போனார்.

அறையில் மறுபடி ரிஜிஸ்டர்கள் குடியேறின. போன மாதம் மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். "அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க, ஒரு பாட்டுக் கேட்போம்" என்றார் ஒருவர்.

"கணக்கு கிளாஸ் நடக்குது சார். முடிஞ்சதும், அதுக்கு இஷ்டமிருந்தா பாடும். அதுவரைக்கும் இப்படி உட்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினேன். வந்த மூவரும் மைதானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.