ஓர் இரும்புக் கிளிப்

தொண்ணூறுகளில் பெரியநாயக்கன்பாளையத்தில் எனக்குக் கிணற்று எஞ்சின் பட்டறை இருந்தது. ஒருமுறை ராமேசுவரத்து மீன்படகின் எஞ்சினையும் பிரித்துச் சரிசெய்து கொடுத்தேன். எஞ்சின் சூடு தணியக் கடல்நீரைக் கொண்டுவரும் ரப்பர் ஹோஸை இறுக்க வழக்கம்போல் இரும்புக் கிளிப்பையே மாட்டினேன். தோட்டத்தில் ஹோஸ் கழன்றால் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும். படகில் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

ஆறே மாதத்தில் படகுக்காரர் அதே எஞ்சினோடு வந்தார்.

"படகுல தண்ணி ஏறி முங்கிருச்சுண்ணே. தம்பி கரை சேரல. உங்க வேலையில குறையில்ல, கடல் எடுத்துக்கிருச்சு. எஞ்சின மட்டும் மேல எடுத்தோம். இதையும் நீங்களே பாருங்க."

ஹோஸ் முனையில் உப்பு அரித்து அறுந்த கிளிப் தொங்கியது. அவர் கண்ணைத் துடைத்த நேரத்தில் அதை உருவிக்கொண்டேன்.

"செஞ்சு குடுத்துப்போடறேனுங்க" என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட என் கை விரியவில்லை. உள்ளே கிளிப் இருந்தது.