டென்சில் டீட்ஸும் கழுதைப் பட்டையும்

எங்கள் துப்பாக்கி கிளப்பில் விசில் டென்சில் டீட்ஸிடம் இருந்தது. இருபது வருஷம் இருக்கும்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஓடைக்கரையில் கூடுவோம். எல்லாம் பழைய மாதிரித் துப்பாக்கிகள். குழலின் வாய்வழியே வெடிமருந்து கொட்டி, துணியில் வைத்த குண்டைக் கோலால் இடித்து இறக்கி, பின்பக்கக் குமிழில் பொட்டு வெடி வைத்துச் சுடுவது. டென்சில் நீளமாக ஒருமுறை ஊதினால் சுடலாம். குட்டையாக இரண்டு ஊதினால் நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகுதான் குறிப்பலகைப் பக்கம் யாரும் நடக்கலாம்.

வேலைபார்த்த காலத்தில் அவர் கவுண்டி நிர்வாகத்தின் சாலைகளில் கிரேடர் வண்டி ஓட்டினார். விடியுமுன் பனியைத் தள்ளி மலைப்பாதையைத் திறந்துவிடுவார். நன்றி சொல்லி ஒரு போன் வந்ததில்லை. தள்ளிய பனியில் யார் வீட்டுத் தபால் பெட்டியாவது சாய்ந்தால் உடனே வரும். வீட்டில் அவர் மனைவி ஓப்பல் பேசுவாள், இவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் வாய்க்குக் கட்டுப்பட்டு நாற்பது பேர் நின்றது அந்த ஓடைக்கரையில் மட்டும்தான்.

விசில் போக, கழுதைப் பட்டையும் அவர் பொறுப்பு. கோவேறு கழுதையின் கழுத்தில் மாட்டுகிற பழைய தோல் பட்டை, உள்ளே வைக்கோல் திணித்தது. மருந்து போட மறந்து வெறும் குண்டை இறக்கியவர், துடைக்கிற துணியைக் குழலுக்குள் மாட்டவிட்டவர், மதியச் சாப்பாடு முடியும்வரை அதைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அடுத்த ஆள் மாட்டிக்கொள்ளும்வரை அது கடைசியாகப் போட்டவர் வசம்தான். கொட்டகைச் சுவரில் அதற்கென்று ஆணி உண்டு. பட்டை அதில் தொங்கிப் பார்த்தவர் குறைவு.

கடைசியாக அது பாஸ்டர் ஹார்லன் கழுத்தில் ஏறியது. மாட்டிவிடும்போது டென்சில் சொன்னார்: "பாஸ்டர், பரலோகம் போக மருந்து வேண்டாம். குண்டு போக வேணும்."

ஸ்கூல் பஸ் ஓட்டுகிற டெல்ஃபா ரெக்ஸ்ரோட் மூன்று தடவை போட்டிருக்கிறாள்.

"உனக்கும் ஒரு நாள் வரும் கிழவா," என்பாள்.

"வந்தா சொல்லி அனுப்பு. குளிச்சிட்டு வரேன்."

அக்டோபரில் ஒன்று நடந்தது. எங்களில் ஒருவரான ஜெஸ்ஸி குறிப்பலகையில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தபோதே டென்சில் நீளமாக ஊத ஆரம்பித்துவிட்டார். டெல்ஃபா போட்ட சத்தத்தில் ஊதல் பாதியில் நின்றது. "விசில்ல தூசி. ஊதிப் பார்த்தேன்," என்றார். சிலர் சிரித்தார்கள். ஜெஸ்ஸி சிரிக்கவில்லை. பிறகு யாரோ கண் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "உன் பொண்டாட்டி நல்லாத் தெரியுறா," என்றார்.

அடுத்த வருஷம் விசில் யாருக்கு என்பதை நவம்பர் சாப்பாட்டுக்குப் பிறகு கை தூக்கித் தீர்மானிப்பது என்று ஏற்பாடானது. அது டென்சிலுக்கும் தெரியும்.

அந்த நவம்பர் காலையில், ஊதிவிட்டபின் எல்லோரும் ஒத்திகையாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கடைசி மேசையில் தனியாக இருந்தார். அவரிடம் இரண்டு துப்பாக்கிகள். ஒன்றுக்குக் குழல் வாய் சின்னது, மற்றதற்குப் பெரியது. துடைக்கும் துணிக்கும் இரண்டு டப்பா. மூடிகளில் சின்னதுக்கு 45, பெரியதுக்கு 54 என்று கட்டைவிரல் உயரத்துக்கு வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தார். போன வருஷம் வரை அது பென்சில் எழுத்து.

சின்னக் குழலில் ஒரு குண்டு சுட்டார். ஈரத்துணியைக் கோல் முனையில் வைத்து இறக்கினார். பாதியில் நின்றது. இழுத்தார். கோல் வந்தது, துணி வரவில்லை.

அவர் அவசரப்படவில்லை. முனையில் இரட்டைத் திருகுக் கம்பியைப் பூட்டி, உள்ளே விட்டுச் சுற்றி இழுத்தார். நாலு நூல் வந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு மறுபடி இழுத்தார். இன்னும் இரண்டு நூல்.

பிறகு பொட்டு வைக்கும் குமிழைக் கழற்றினார். மருந்து நிரப்பிய மாட்டுக்கொம்பை எடுத்தார்.

அந்த ஓட்டை வழியே கொஞ்சம் மருந்து விட்டுச் சுட்டால் துணி பறந்துவிடும். சுற்றிலும் வெடிச்சத்தம், ஒன்று கூடினால் யாருக்கும் தெரியாது. ஆனால் துணி மருந்தை ஒட்டி இல்லை, குழலின் நடுவில் இறுகி நிற்கிறது. இடையில் வெற்றிடம் விட்டுச் சுட்டால் குழல் வீங்கும், சிலசமயம் பிளக்கும். 'மாட்டினதைச் சுட்டு எடுக்காதே' என்று கொட்டகைச் சுவரில் எழுதிப்போட்டதே அவர்தான். பக்கத்து மேசையில் ஆள் இருந்தது.

கொம்பின் அடைப்பைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். சட்டைக் காலர் மேலெழுந்து காதை மறைத்திருந்தது. அதைக்கூட அவர் சரிசெய்யவில்லை.

அடைப்பை அழுத்தி மூடிவிட்டு விசிலை எடுத்தார். குட்டையாக இரண்டு.

எல்லாம் நின்றது.

"யாருக்கு என்னாச்சு?" என்று பாஸ்டர் ஓடிவந்தார்.

"எனக்குத்தான். துணி மாட்டிக்கிச்சு. கிரீஸ் கன் கொண்டாங்க."

ஒரு கணம் யாரும் நம்பவில்லை. அப்புறம் திருவிழாதான்.

"ஓப்பலுக்குப் போன் போடுங்கடா!"

"குளிச்சிட்டு வந்தியா டென்சில்?" இது டெல்ஃபா. கேட்டுக்கொண்டே குமிழ் இருந்த ஓட்டையில் கிரீஸ் நிப்பிளைத் திருகிப் பூட்டினாள். கிரீஸ் கன்னை அதில் வைத்து அழுத்தினாள். பின்னாலிருந்து கிரீஸ் நிரம்பித் துணியை முன்னே தள்ள வேண்டும். மெதுவாகத்தான் நடக்கும். கூட்டம் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஓ போட்டது. பாஸ்டர் தன் பிக்கப்பிலிருந்து பட்டையைக் கொண்டுவந்து, தயாராக ஏந்தி நின்றார்.

கடைசியில் குழல்வாயில் கறுப்பாய் ஒரு முனை தெரிந்தது. பிறகு பொத்தென்று புல்லில் விழுந்தது, பின்னாலேயே கிரீஸ்.

டெல்ஃபா அதை எடுத்து மேசையில் விரித்தாள். கனத்த துணி. விரித்துக்கொண்டே போனாள், சின்னக் குழலுக்கான அளவில்லை அது. திறந்திருந்த டப்பாவின் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே நின்றுபோனது. எழுத்து தெரியாதபடி மூடியைக் கவிழ்த்து வைத்தாள்.

"கவுக்காத," என்றார் டென்சில். "படி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

"எதுக்கு டென்சில், விடு."

"படின்னேன்."

"ஐம்பத்துநாலு."

"நான் நாற்பத்தஞ்சுன்னு படிச்சேன்." அவர் ஜெஸ்ஸி நின்ற பக்கம் திரும்பினார். ஜெஸ்ஸி நின்றது கொஞ்சம் தள்ளி. "போன மாசம் விசில்ல தூசி இல்ல. நீ அங்க நின்னது எனக்குத் தெரியல."

பாஸ்டர் பட்டையைக் கீழே வைக்கப் போனார்.

"என்ன பாஸ்டர், எனக்கு மட்டும் தள்ளுபடியா? மாட்டுங்க."

பட்டை தலைவழியே இறங்க வேண்டும். விசில் கயிறு இடைஞ்சலாக இருந்தது. டென்சில் கயிற்றைக் கழற்றி, பக்கத்திலிருந்த டெல்ஃபா கையில் கொடுத்தார். பட்டை ஏறியது. கயிற்றைத் திரும்பக் கேட்கவில்லை. அவளும் நீட்டவில்லை.

பட்டையோடு உட்கார்ந்து மான்கறியும் பீன்ஸும் சாப்பிட்டார். சோளரொட்டித் தூள் தோலில் உதிர்ந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கை தூக்க வேண்டிய அவசியம் வரவில்லை. டெல்ஃபா சுடும் கோட்டருகே நின்று பலகைகளைப் பார்த்தாள், இன்னொருமுறை பார்த்தாள், ஊதினாள்.

"பஸ் ஹாரனா அது?" என்றார் டென்சில். "நீளமா ஊது."

டிசம்பரில் அவர் பிக்கப்பை ஓப்பல் ஓட்டிவந்தாள். இருவருக்கும் நடுவில் சீட்டில் பட்டை இருந்தது. அந்த மாதம் யார் குழலிலும் எதுவும் மாட்டவில்லை. சாயங்காலம் அது அவர்களோடே திரும்பிப் போனது.