காதில் விழுந்த சாமி

அவன் "சாமி" என்றது என் காதில் விழுந்தது. நன்றாக விழுந்தது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை. கேட்டும் நான் பிடியை விடவில்லை.

இத்தனை வருஷமாக இதை வேறு மாதிரிதான் சொல்லி வந்தேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்க வேண்டாம். சிரிப்பு வருகிற மாதிரி ஏதாவது எழுதிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பிழைப்பே அதுதான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மேச்சேரிப் பக்கம் ஆடு மேய்த்தவன். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் ஒதுங்கப் போனேன். வாத்தியார் ஆடுகளை மட்டும் உள்ளே விட்டார். எனக்கு எழுத்து வந்தது சுவரில் ஒட்டிய குஸ்தி நோட்டீஸைப் பார்த்துத்தான். என் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடியே படிக்கக் கற்றுக்கொண்டேன். கடைசியில் கண்டுபிடித்தேன். அடியில், அச்சுக்கூடத்தின் பெயருக்கு ஒரு வரி மேலே, பொடி எழுத்தில்: சிரிப்பு மாரப்பன்.

ஆமாம், நான் குஸ்திக் கம்பெனியில் கோமாளி. பெரிய பயில்வான்கள் இறங்குவதற்கு முன்னால் ஜனங்களைச் சிரிக்க வைப்பவன். என் உடம்பைப் பார்த்தால் நான் குஸ்திக்காரன் என்று நான் கட்டியிருக்கும் லங்கோடுகூட நம்பாது. கால் இரண்டும் கொக்குக்கு வைத்தது, வயிறு மட்டும் எனக்கு வைத்தது.

எங்கள் கம்பெனிக்கு ஜமீன்தார் ஆதரவு கிடையாது, சங்கம் கிடையாது. இரண்டு மாட்டு வண்டி, கொஞ்சம் தட்டி, மூங்கில், பதினோரு பேர். ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று எங்கே சந்தையோ தேரோ அங்கே போய்த் தட்டி கட்டுவோம், குஸ்திக்கு மண்ணைக் கொத்திக் கோதா வெட்டுவோம், டிக்கெட் போடுவோம். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பது காலையில் கூழ் குடிக்கும்போதே முடிவாகிவிடும். அதை ஏமாற்று என்று நினைக்காதீர்கள். விழுவது நிஜம், அடி நிஜம், வலி நிஜம். முடிவு மட்டும்தான் பேசி வைத்தது.

என்னோடு ஜோடி போட்டவன் செங்கோடன். இளம்பிள்ளைக்காரன், நெசவுக் குடும்பம். தோள் இரண்டும் தேர் வடம் மாதிரி இருக்கும். ஆனால் என்னைத் தூக்கி எறியும்போது, பூனை தன் குட்டியைக் கீழே வைக்கிற மாதிரி வைப்பான். ஐந்து வருஷம் அவன் என்னைத் தினம் மூன்று தடவை தூக்கிப் போட்டான். ஒரு நாள்கூட எனக்குச் சிராய்ப்பு அதிகமாகப் பட்டதில்லை.

கோதாவில் இறங்கும் முன் என் லங்கோட்டு முடிச்சை அவன் போடுவான், அவன் முடிச்சை நான் போடுவேன். எங்கள் கம்பெனியில் அது வழக்கம். எதிராளி கையால் போட்ட முடிச்சோடுதான் இறங்க வேண்டும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதுதான் இந்தக் கதையே.

கோதாவில் ஒருவனுக்கு நிஜமாகவே அடிபட்டால் எதிராளிக்கு எப்படிச் சொல்வது? "ஐயோ" என்றால் ஆட்டத்தில் சேர்த்தி. "உடு உடு" என்றால் ஜனம் இன்னும் கை தட்டும். அதனால் எங்களுக்கு ஒரு சொல் வைத்திருந்தார் கம்பெனிக்காரர். அந்தச் சொல் "சாமி". கிழவனைக் கூப்பிட்டாலும் சாமி, தொட்டில் குழந்தையைக் கூப்பிட்டாலும் சாமி என்கிற ஊர் எங்களுடையது. காதில் விழுந்தாலும் எவனும் சந்தேகப்பட மாட்டான். அதனால்தான் அந்தச் சொல். கோதாவுக்கு வெளியே நாங்கள் எல்லாரும் எல்லாருக்கும் சாமி. மண்ணில் கால் வைத்துவிட்டால் அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஒரே அர்த்தம்: இது ஆட்டம் இல்லை, விடு.

கேட்ட நொடியில் விட வேண்டும். விடாதவனுக்கு எங்கள் பக்கத்தில் எந்தக் கோதாவிலும் இடம் இல்லை.

அன்றைக்குத் திருச்செங்கோட்டில் தேர். சாயங்கால வெயில். தட்டிக்கு வெளியேகூட ஆட்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் ஆட்டம் எப்போதும் போலத்தான். நான் அவன் காலுக்கு நடுவே புகுந்து ஓடுவேன். அவன் என்னைத் தேடுவான். நான் பின்னால் நின்று அவன் முதுகில் ஒரு தட்டு. நடுவில் ஓர் இடம் உண்டு. அவன் வலது கையை நான் முதுகுப் பக்கம் மடக்கிப் பூட்டுப் போடுவேன். அவன் பத்து எண்ணும் வரை சிக்கின மாதிரி நடிப்பான். பிறகு நான் என் வயிற்றின் கனத்தில் வழுக்கி விழுவேன். ஜனம் உருளும்.

அன்றைக்குப் பூட்டு விழுந்தது. எப்படியோ சரியாக விழுந்தது. அவன் கால் ஈர மண்ணில் சறுக்கியதா, நான்தான் ஒரு விரல்கடை மேலே பிடித்தேனா, இன்றைக்கும் தெரியவில்லை. அவன் முழங்கால் மடிந்தது. அது பேசி வைத்ததில் இல்லை.

சிரிப்பு நின்றது.

உங்களுக்குத் தெரியுமா, ஒரு கோமாளிக்குச் சிரிப்பு நின்றுபோன கூட்டம் எப்படி இருக்கும் என்று? முதலில் பயமாக இருந்தது. பிறகுதான் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வயிற்றை அல்ல, என் கையை. முன்வரிசையில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரிய ஆள் பக்கத்திலிருப்பவனிடம் சொன்னார்.

"அடேய், இவரு நெசமான பயில்வானுடா."

இவரு.

என் வாழ்க்கையில் அதுவரை என்னை எவரும் "இவரு" என்றதில்லை. என்னைப் பெற்றவர் "அது எங்க போச்சு" என்றுதான் தேடுவார். கூட்டத்தில் "அந்தக் கோணக்காலன்", "அந்த வயிறன்"... எல்லாம் "ன்". ஒரே ஒரு "ரு" அன்றைக்கு முதல்முறையாக என் பக்கம் வந்தது.

அப்போதுதான் அவன் சொன்னான். தாழ்ந்த குரலில், மண்ணைப் பார்த்தபடி.

"சாமி."

என் காதில் விழுந்தது. அந்தச் சொல் என் தோள் வழியாக உள்ளே இறங்கியதுகூட நினைவிருக்கிறது. விடலாம் என்று கையும் நினைத்தது. ஆனால் இன்னும் கொஞ்சம்... அந்த ஆள் இன்னொரு தடவை "இவரு" என்று சொல்லட்டும்... ஒரே ஒரு தடவை...

"சாமி, சாமி" என்று சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேனோ? அப்படி அவன் சொல்லவில்லை. மூச்சு வாங்கி, இடைவெளி விட்டு, இரண்டாவது முறையும் ஒற்றைச் சொல்லாகவே சொன்னான். எனக்குக் குழப்பம் வரக் கூடாது என்று அவ்வளவு சுத்தமாகச் சொன்னான்.

நான் இன்னும் ஒரு சுற்று முறுக்கினேன்.

ஈர விறகு ஒடிகிற சத்தம். அதன் மேலேயே கைதட்டல். அவன் தோளின் சத்தம் கைதட்டலில் அமுங்கிப்போனது. கேட்டது நாங்கள் இருவர் மட்டும்தான்.

மறுநாள் காலை கோதாவைச் சுற்றி எல்லாரையும் உட்கார வைத்தார் கம்பெனிக்காரர். செங்கோடன் தோளில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. குற்றம் கேட்கும்போது கோதா மண்ணைத் தொட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். தப்பு என்று ஆனால் லங்கோட்டை அவிழ்த்து அந்த மண்ணிலேயே வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு அவன் குஸ்திக்காரன் இல்லை.

"ஏஞ்சாமி, நீ சொல்லைச் சொன்னியா?" என்று செங்கோடனிடம் கேட்டார்.

"சொன்னேனுங்க."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவைங்க."

கம்பெனிக்காரர் என் பக்கம் திரும்பினார். "மாரப்பா, மண்ணைத் தொடு. உனக்குக் கேட்டுதா?"

மண்ணைத் தொட்டேன். குளிர்ச்சியாக இருந்தது. என் லங்கோடு அதில் கிடக்கிற மாதிரி கண்ணுக்குத் தெரிந்தது. மறுபடியும் மேச்சேரி, மறுபடியும் ஆடு. வாய் திறந்தது. அதிலிருந்து வந்தது உண்மை இல்லை, தமாஷ்.

"கேட்டுதுங்க. ஆனா நம்மூர்ல கோழியக் கூட்டுல அடைக்கோணும்னாலும் சாமிங்கறோம், கொழுந்தியாளுக்குக் கூந்தல் முடியோணும்னாலும் சாமிங்கறோம். இவன் தூக்கத்துலயே என்னைய நாலு தடவை சாமிம்பானுங்க. பழக்கத்துல கூப்படறானாக்கும்னு நெனச்சேன். 'என்ன சாமி'ன்னு கேக்கலாம்னு பாத்தா வாயெல்லாம் மண்ணுங்க."

சிரித்தார்கள். முதலில் ஒருவன், பிறகு எல்லாரும். கம்பெனிக்காரரே துண்டால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தவர்களால் பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முடியாது. அது என் தொழில் ரகசியம்.

செங்கோடன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவன் மண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"இருக்குமுங்க. பழக்கத்துல வந்திருக்கும். உடுங்க."

அப்படி என் லங்கோடு என் இடுப்பிலேயே நின்றது.

அவனை இளம்பிள்ளைக்கு அனுப்ப வண்டி பூட்டினார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். "சாமி, வழிக்குத் தண்ணி வேணுமா?"

"வேண்டாமுங்க" என்றான்.

ஐந்து வருஷம் ஒரே பாயில் படுத்தவன். ஒரே துண்டில் முகம் துடைத்தவன். "டேய்" என்பான், "வாடா" என்பான், "சாமி" என்பான். அன்றைக்கு எனக்கு ஒரு "ங்க" போட்டான். ஊரான் எனக்கு மரியாதை தர வேண்டும் என்றுதானே அவன் தோளை முறுக்கினேன்? இதோ, அவனே தந்துவிட்டான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நோட்டீஸில் என் பெயர் மேலே ஏறியது. சிரிப்பு போய் "பூட்டுப் பயில்வான்" ஆனேன். எழுத்தும் பெரிதானது. ஆனால் பூட்டு மட்டும் போட வரவில்லை. கையை மடக்கும்போதே விரல்கள் தளர்ந்துவிடும். ஒரு மாதத்தில் சின்னப் பையன்கள்கூட என்னைக் கவிழ்த்தார்கள். நோட்டீஸில் கிடுகிடுவென்று இறங்கிப் பழைய வரிக்கே வந்து சேர்ந்தேன். அச்சுக்கூடத்தின் பெயர் எனக்காகக் காத்திருந்தது.

விரல் தளர்வது கோதாவோடு நிற்கவில்லை. யாராவது "சாமி" என்றால் போதும், கையில் இருப்பது கீழே விழும். சந்தையில் வளையல்காரி "நகரு சாமி" என்றாள். நான் பிடித்திருந்த ஆட்டுக் கயிறு நழுவியது, ஆடு கருவாட்டுக் கடைக்குள் புகுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

முடிச்சுப் போட வேறு ஆட்கள் வந்தார்கள். நன்றாகத்தான் போடுவார்கள். ஆனால் செங்கோடன் போட்டு முடித்ததும் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டுவான், "போலாம்" என்கிற மாதிரி. இன்றைக்கும் கோதா ஓரம் நிற்கும்போது அந்தத் தட்டுக்காக ஒரு நொடி காத்திருந்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.

மூன்று வருஷம் கழித்து இளம்பிள்ளைக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். "தெரிஞ்சேதான் உடலடா." இரண்டே சொல்தான்.

தெருவெல்லாம் தறிச் சத்தம். அவன் வீட்டிலும் தறி ஓடியது. தறிக்குழியில் உட்கார்ந்து நாடா ஓட்டிக்கொண்டிருந்தது அவன் மனைவி பாவாயி. அவன் சுவர் ஓரம் ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தான், இடது கையால். வலது கை மடியில் கிடந்தது. நெஞ்சுக்கு மேலே அது எழும்பாது என்று பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"வாங்க" என்றான். "உக்காருங்க. எப்ப வந்தீங்க?"

உட்கார்ந்தேன். அவன் வாசலில் போன உப்பு வண்டிக்காரனைக் கூப்பிட்டான். "சாமி, நாளைக்கு வாரியா?" பக்கத்து வீட்டுக் குழந்தையை, "சாமி, அக்கட்டால போய் வெளையாடு" என்றான். திடுமென்று முட்ட வந்த கன்றுக்குட்டியைக்கூட "போ சாமி" என்றான். எனக்கு மட்டும் "ங்க".

"கை எப்படிடா இருக்குது?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. நம்மோடவே இருக்குது, எங்கியும் போவல."

அதுதான் நேரம். சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். ஆடு கருவாட்டுக் கடைக்குள் புகுந்த கதையைச் சொன்னேன். ஏன் கயிறு நழுவியது என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். பாவாயி தறியை நிறுத்திவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவன்கூட உதட்டோரம் லேசாகச் சிரித்தான். பழைய சிரிப்பு. அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் நடந்தேனோ என்னவோ.

வெயில் தாழ எழுந்தேன். பாவாயி ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்தாள். வாங்கி வாய்க்குக் கொண்டுபோனேன். அவளுக்கு என்ன தெரியும், பாவம். வாஞ்சையாகச் சொன்னாள்.

"பொறுமையாக் குடி சாமி."

சொம்பு விழுந்தது. மோர் தரையில் ஓடியது. என் விரல்கள் ஐந்தும் விரிந்து அப்படியே நின்றன, யாரையோ விட்டுவிட்ட மாதிரி.

ராட்டை நின்றது. செங்கோடன் என் கையைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும். அந்தக் கையில் எல்லாம் எழுதியிருக்கிற மாதிரி, அவன் அதை நிதானமாகப் படிக்கிற மாதிரி இருந்தது. நோட்டீஸில் நான் என் பெயரைத் தேடியது போல நான் அவன் முகத்தில் தேடினேன்... ஒரு சொல் வரும் என்று. கோபமாக வந்தாலும் சரி, "டேய்" என்றாவது.

பாவாயி துணி எடுத்து வந்து துடைத்தாள். "போனாப் போவுது, வேற மோரு தாரேன்" என்றாள்.

அவன் குனிந்து, அறுந்த நூலை இடது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டான். ராட்டையைச் சுற்றினான்.

"இருட்டறதுக்குள்ள பாத்துப் போங்க" என்றான்.